கல்லில் தூங்கும் சாமியார்கள்

டேனியலின் கண் முழுசாகத் திறந்து நான் பார்த்ததே கிடையாது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. பத்தொன்பது வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். விடியற்காலை ஏர்போர்ட், பகலில் கேளம்பாக்கத்துக் கம்பெனி ஆட்கள், ஞாயிறானால் செஞ்சிப் பக்கத்துச் சமண மலைக்கு டூர். மனைவி கிறிஸ்டினாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, ராத்திரி டூட்டி. இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டுவாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அன்றைக்குக் கிறிஸ்துமஸ் என்று அர்த்தம்.

அந்த மலைக்கு நூறு தடவையாவது போயிருப்பார். ஒரு தடவையும் ஏறியதில்லை. ஆட்கள் மேலே போனதும் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார். கிறிஸ்டினாவோ விடமாட்டாள். "மேல இன்னா கீது, சொல்லேன்யா" என்று நச்சரிப்பாள். வேனில் வருகிறவர்கள் 'சமணர் படுக்கை' என்று பேசிக்கொள்வது இவர் காதில் விழுந்திருந்தது. அது போதாதா? "சாமியாருங்கள அப்டியே கல்லுல செதுக்கி வச்சிகீறாங்க. வரிசையா படுத்துகினு தூங்குறாங்க" என்று அளந்துவிட்டார். தூக்கத்துக்கு ஏங்குகிறவருக்கு வேறு என்னதான் தோன்றும்?

அவள் அதைச் சபையின் பெண்கள் சங்கத்தில் வந்து சொன்னாள். எங்கள் சங்கத்துக்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதும். இந்த வருஷம் டூர் அந்த மலைக்குத்தான், வேன் டேனியல் ஓட்டுவதுதான் என்று முடிவாயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

மலையடிவாரத்தில் இறங்கியதும் டேனியல் வழக்கம்போல சீட்டைச் சாய்த்தார். கிறிஸ்டினா கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்து அவள் பின்னால் ஏறினார். நான் மூட்டுவலிக்காரி. மற்றவர்கள் சிலைகளைப் பார்க்க உச்சிக்குப் போன பிறகுதான் பாதி வழியில் படுக்கைகள் இருக்கும் குகை வரை ஊர்ந்துபோய், வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே டேனியலும் கிறிஸ்டினாவும் பேசியது எல்லாம் கேட்டது.

தரைப் பாறையில் வழவழவென்று ஆளுயரத்துக்கு ஏழெட்டுப் படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே மேடாக்கித் தலையணை. எல்லாம் காலி.

"எங்கய்யா சாமியாருங்க?"

"நான் மேல வந்ததே இல்ல கிறிஸ்டி. கீழயே தூங்கிப்பேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அதற்குள் அவரே அடுத்ததையும் கொட்டிவிட்டார். "போன வாரம் வண்டலூராண்ட ஓட்டிகினே தூங்கிட்டேன். வண்டி சென்டர் மீடியன்ல ஒரசிடுச்சு. நல்லவேள, உள்ள யாரும் இல்ல. ஓனருக்கும் தெரியாது. வேலைய விட்டா வூடு இன்னா ஆவும்னு வாய மூடிகினு இருந்தேன். என்னால முடியல கிறிஸ்டி."

அந்த மனிதரை நம்பித்தான் இத்தனை பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறோம். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

கிறிஸ்டினாவும் ராத்திரி டூட்டி முடித்து நேராக வேனில் ஏறியவள்தான். கையை நீட்டி, "சாவியக் குடு" என்றாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நாளைக்கு நானே ஓனராண்ட குட்த்துர்றேன். இன்னிக்கு வேற டிரைவர் வரட்டும். நம்ம வயித்தப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம். நீ படு."

"இங்கியா?"

"படுக்கைதானே? படுய்யா. நான் முழிச்சிகினு கீறேன்."

அவர் படுத்தார். குளிர்ந்த கல். அடுத்த நிமிஷமே குறட்டை. நான் ஃபோன் போட்டு, தாம்பரத்திலிருந்து ஒரு டிரைவரை பஸ் ஏறி வரச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் படை உச்சியிலிருந்து கூச்சலோடு இறங்கியது. சங்கச் செயலாளர் ரத்தினபாய் முன்னால் வந்தார். "ஏன் கிறிஸ்டினா, மேல செதுக்கினதெல்லாம் உட்கார்ந்துதானே இருக்கு, நின்னுதானே இருக்கு? தூங்குற சாமியார் எங்கம்மா?"

கிறிஸ்டினா தூக்கம் சொருகும் கண்களோடு உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்கக்கா. இதோ, இப்பதான் படுத்தாரு."