கார்த்திகா வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை

காலை ஏழரை மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கி, சமையலறை ரேடியேட்டரில் வழக்கம்போலக் கையை வைத்தேன். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது. வரவேற்பறைக்கு ஓடினேன். அங்கும் அப்படித்தான். குழந்தைக்கென்று ஆயத்தம் செய்து வைத்திருந்த சின்ன அறையின் வெப்பமானி பதின்மூன்று காட்டியது. வெளியே மைனஸ் பதினேழு. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. "முருகா, இண்டைக்கோ? உனக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?" என்று சத்தமாகவே கேட்டேன். நான் அவனோடு அப்படித்தான் கதைப்பேன். அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது 2006ஆம் ஆண்டு தை மாதத்தில். எங்கள் மகள் கார்த்திகா ஏழு கிழமை முந்திப் பிறந்துவிட்டாள். கோழிக்குஞ்சு அளவுதான் இருந்தாள். ஐந்து கிழமை ஒஸ்லோ ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பிறகு என் நெஞ்சிலுமாக வளர்ந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். முதல் மூன்று கிழமை நானும் அங்கேயே தங்கினேன். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவளை விட்டுவிட்டு ரயிலேறி, வெறுங்கையோடு எங்கள் ஸ்டேஷன் ஹவுகெட்டோவில் இறங்குவேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்த நடை எப்படியிருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரேயொரு நிபந்தனை. வீடு நல்ல சூடாக இருக்க வேண்டும், குறைந்தது இருபத்தொன்று. இல்லையென்றால் திங்கட்கிழமை பார்க்கலாம். மதியம் பன்னிரண்டுக்குத் தாதி போன் எடுத்துக் கேட்பார்.

எங்களுடையது பழைய மரவீடு. நிலக்கீழ் அறையில் எண்ணெயில் எரியும் பொயிலர் ஒன்று இருக்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக எல்லா ரேடியேட்டர்களுக்கும் அனுப்பும். விறகடுப்பு கிடையாது. கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். பொயிலரின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு. அதன் பக்கத்திலிருந்த பொத்தானை அமத்தினேன். உறுமியது, எரிந்தது, 'டக்' என்று நின்றது. மறுபடி அமத்தினேன். அதே கதை. நாலு தரம் அமத்திவிட்டு என் கணவர் குகனுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு மேற்குக் கரையில் இருக்கும் ஸ்தவாங்கரில் வேலை. மகளைக் கூட்டிவர விடியற்காலை ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, பொயிலர் நிண்டிட்டுது."

"என்ன? என்னண்டு நிண்டது?"

"நிண்டிட்டுதெண்டால் நிண்டிட்டுது. சிவப்பு லைட் எரியுது."

"பொத்தானை அமத்திப் பாத்தனீரோ?"

"ஓம், நாலு தரம் அமத்தினனான்."

"அப்ப அஞ்சாந்தரம் அமத்திப்..."

ரயில் குகைக்குள் போய்விட்டது. அந்தப் பாதையில் மலையைக் குடைந்த குகைகளுக்குக் குறைவில்லை. அவருடைய ஆலோசனைகளுக்கும் குறைவில்லை.

பொயிலர் திருத்துகிற மூன்று இடங்களுக்கு அடித்தேன். ஒஸ்லோ முழுக்க உறைந்து கிடந்த நாள் அது. மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், திங்கட்கிழமை. ஒஸ்லோவின் மறுபக்கம் ரொம்மனில் இருக்கும் என் சிநேகிதி மலர் அக்காவுக்கு எடுத்தேன். பாவம், அவவின் குரலே அடைத்துப் போயிருந்தது.

"இஞ்சை கொண்டு வா எண்டு சொல்லத்தான் மனம் கிடந்து துடிக்குது பிள்ளை. ஆனால் என்ரை மூண்டு பிள்ளையளுக்கும் இருமல், சின்னனுக்குக் காய்ச்சலும். குஞ்சை இஞ்சை கொண்டு வந்திடாதை."

வீட்டிலிருந்த இரண்டு மின்சார ஹீட்டர்களையும் ஒன்றாகப் போட்டேன். பியூஸ் போனது. அதை மாற்றிவிட்டு ஒன்றை மட்டும் போட்டேன். அது தன் முகத்தைத்தான் சூடாக்கியது.

அப்போதுதான் உடைந்துபோனேன். கீழே போய் எங்கள் சாமித்தட்டுக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன். சாமித்தட்டு பொயிலர் அறையில்தான் இருந்தது. மேலே கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் வீடு அதிரக் கத்தும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிடவே வெளிக்கிட்டுவிட்டார். அதனால் முருகனைக் கீழே இறக்கியிருந்தேன். அங்கே நல்ல கணகணப்பு, அலாரமும் இல்லை. கார்த்திகா பிறந்த நாளிலிருந்து, வீட்டில் நின்ற வேளையெல்லாம் கற்பூரமும் சாம்பிராணியுமாக அறையைப் புகையால் நிறைத்து வைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களில் வீட்டுக்கு வந்துபோன மலர் அக்கா அதைச் செய்தா.

"எனக்கு ஒருத்தரும் இல்லை. அவர் குகைக்குள்ள. நீயாவது ஆரையும் அனுப்பு. பிள்ளையை இண்டைக்கு நான் தூக்கிக்கொண்டு வரவேணும்" என்று அழுதேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அழுது முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கம்ப்யூட்டரில் கேட்டுப் பார் என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அதுவரை கம்ப்யூட்டரில் தமிழ்ச் செய்தியும் ரயில் நேரமும் தவிர ஒன்றும் பார்த்தவள் இல்லை. மேலே போய் நோர்வேஜிய மொழியில் 'பொயிலர் எரிந்து எரிந்து நிற்கிறது' என்று தட்டினேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் ஒரு பக்கம் வந்தது. கேள்வி போடுவதற்கு ஒரு பெயர் கொடுக்கச் சொன்னது. யோசிக்காமல் 'கார்த்திகாவின் அம்மா' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை நான் எங்கும் எழுதியது அதுதான் முதல் தடவை.

என் நோர்வேஜியத்தில் பிழைகள் மலிந்திருந்தாலும் விஷயத்தை ஒளிக்காமல் எழுதினேன். குறைமாதக் குழந்தை, மூன்று மணி, பதின்மூன்று பாகை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியவரின் புனைபெயருக்குக் 'குளிர்ந்த பாதங்கள்' என்று அர்த்தம். "முதலில் அந்தப் பொத்தானை விடுங்கள். திரும்பத் திரும்ப அமத்தினால் எரியாத எண்ணெய் உள்ளே சேரும், அது ஆபத்து. அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு ஒரேயொரு தரம் அமத்தி, எத்தனை விநாடி எரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்."

நல்லவேளை, குகைக்குள் போனவரின் ஐந்தாவது தரத்தை நான் கேட்கவில்லை.

அரை மணி நேரம் பொறுத்தேன். கையில் மணிக்கூடு இல்லை. ஆஸ்பத்திரியில் அடிக்கடி கை கழுவ வேண்டியிருந்ததால் அதைக் கட்டுவதையே விட்டிருந்தேன். பொத்தானை அமத்திவிட்டுச் 'சரவணபவ, சரவணபவ' என்று எண்ணினேன். பதினோராவதில் 'டக்'. மேலே ஓடி, பத்து விநாடியளவு என்று எழுதினேன்.

பதில் வந்தது. "எண்ணெய் வருகிறது, தீயும் பிடிக்கிறது. எண்ணெயை எரிக்கும் பேர்னரில் ஒரு சின்னக் கண் இருக்கிறது, ஃபோட்டோசெல் என்பார்கள். தீ எரிகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தீயை அது காணாவிட்டால் பொயிலர் தானாகவே நின்றுவிடும். அந்தக் கண்ணில் அழுக்குப் படிந்திருக்கலாம். அதைக் கழற்ற முன்னர் ஒன்று சொல்லுங்கள். அந்த அறையில் ஏதாவது எரிப்பீர்களா? புகை, தூசி ஏதும்?"

நான் 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மரவீட்டின் கீழே, எண்ணெய்ப் பொயிலருக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கிற வெளிநாட்டுக்காரி என்று நினைப்பார்கள். சிரிப்பார்கள், அல்லது ஏசுவார்கள். முகம் தெரியாத ஒருவரிடம்கூட மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன்.

அடுத்த பதில் வந்தது. "அப்படியானால் தொடாதீர்கள். வெளிப்புகை இல்லையென்றால் கண்ணில் படிந்த கரி பேர்னரின் உள்ளிருந்துதான் வருகிறது. அது எரிகிற விதத்தில் கோளாறு, வீட்டுக்குள் நச்சுப்புகை வரலாம். பொயிலரை நிறுத்திவிட்டுத் திருத்துபவருக்குக் காத்திருங்கள். மன்னிக்கவும், கார்த்திகாவின் அம்மா."

மணி பதினொன்று. காத்திருப்பதென்றால் திங்கட்கிழமை. என் ஒரு சொல்லால் பிள்ளை இன்னும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில். கீழே போய் முருகனைப் பார்த்தேன். படத்தின் கண்ணாடி முழுக்க மங்கல். விரலால் தொட்டேன். விரல் கறுப்பாக வந்தது. ஐந்து கிழமையாக நாங்கள் ஏற்றிய புகை அந்த அறையில் எல்லாவற்றிலும் படிந்து கிடந்தது. "ஆரையும் அனுப்பு எண்டு கேட்டன், நீ அனுப்பினாய். அந்த ஆளிட்டையே நான் பொய் சொல்லிப்போட்டன்" என்று அவனிடம் சொன்னேன்.

மேலே வந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'நான் பொய் சொல்லிவிட்டேன். எங்கள் கடவுளின் படம் அந்த அறையில் இருக்கிறது. என் பிள்ளைக்காகக் காலையும் மாலையும் கற்பூரமும் சாம்பிராணியும் எரித்தோம், ஐந்து கிழமையாக. எல்லாம் கரியாகிக் கிடக்கிறது.' அனுப்பிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

"நல்ல செய்தி!" என்று பதில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. "பேர்னர் அந்த அறையின் காற்றைத்தான் உறிஞ்சி எரிக்கிறது. உங்கள் புகை நேராகக் கண்ணில் போய்ப் படிந்திருக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கண்ணை மெதுவாக வெளியே இழுங்கள், மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். வேறு எதையும் திறக்க வேண்டாம். எரிந்தாலும் புகை மணம் வருகிறதா என்று கவனியுங்கள். திங்கட்கிழமை ஆளைக் கூப்பிட்டுக் கட்டாயம் பரிசோதியுங்கள்."

மெல்லிய துணிக்கா பஞ்சம்? குழந்தைக்கென்று மலர் அக்கா பழைய நூல் சேலையைக் கிழித்துத் துவைத்து மடித்துத் தந்த துண்டுகள் அலுமாரி நிறைய இருந்தன. சுவிட்சை நிறுத்தினேன். மெதுவாக அந்தக் கண்ணை இழுத்தேன். சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது. அதன்மேல் மை பூசியதுபோல் கரி. துடைத்தேன். பளிச்சென்று வந்தது. திரும்பச் செருகி, சுவிட்சைப் போட்டு, பொத்தானை ஒரேயொரு தரம் அமத்தினேன்.

உறுமியது. எரிந்தது. 'சரவணபவ' என்று எண்ணத் தொடங்கினேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு! நான் எண்ணிக்கொண்டே போனேன். நூற்றெட்டும் தாண்டியது. பொயிலர் நிற்கவே இல்லை. புகை மணமும் இல்லை. அந்தச் சீமெந்துத் தரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டிச் சிரித்தேன். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

பன்னிரண்டு மணிக்குத் தாதி எடுத்தார். வீடு சூடா என்று கேட்டார். 'ஓம்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும். "இப்போது பதினான்குதான். பொயிலர் நின்றுவிட்டது, நானே திருத்தினேன். ஏறிக்கொண்டிருக்கிறது" என்றேன். "நீங்களேயா?" என்று கேட்டார். பிறகு, "இருபத்தொன்று வந்ததும் எடுங்கள். நான் நாலு மணிவரை நிற்பேன்" என்றார்.

அந்த இரண்டரை மணி நேரமும் வெப்பமானிக்கு முன்னால் நின்றேன். பதினாறு, பதினெட்டு, இருபது. இரண்டரை மணிக்கு இருபத்தொன்றைத் தொட்டது. போனைப் போட்டுச் சொல்லிவிட்டு, ஐஸில் வழுக்காமல் ஓட முடிந்தளவு ரயிலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் குகன் பையும் கையுமாக நின்றார்.

"அஞ்சாந்தரம் அமத்த வந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம், உங்கடை அஞ்சாந்தரத்திலைதான் வந்தது" என்றேன். இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லையே.

திங்கட்கிழமை வந்தவர் பொயிலரைப் பரிசோதித்துவிட்டு, பேர்னரில் பிழை எதுவும் இல்லை என்றார். அன்றே முருகன் மேலே வரவேற்பறை யன்னலோரத்துக்கு வந்துவிட்டார். வீட்டுக்குள் நல்லெண்ணெய் விளக்கு மட்டும்தான். கற்பூரம் வெளியே, பனிக்கு நடுவே, தட்டில். குளிர்ந்த பாதங்களுக்கு நன்றி எழுதியபோது, "நான் வடக்கில் தலைமயிர் வெட்டுகிற கடை வைத்திருக்கும் பெண். போன வருடம் என் பொயிலர் நின்றபோது யாரோ இதே பக்கத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்" என்று எழுதினா. தாடி வைத்த பெரிய எஞ்சினியர் ஒருவரை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன்! முருகன் எனக்கு அனுப்பியது ஒரு பெண்ணைத்தான்.

இப்போது ஒஸ்லோவில் பொயிலர் நின்ற தமிழ்ப் பெண்கள் எனக்குப் போன் எடுக்கிறார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "அந்த அறைக்குள்ள என்ன கொளுத்துறனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

என் பிரார்த்தனையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அதைத் தா, இதைத் தா என்று பட்டியல் வாசிப்பேன். இப்போது முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். கேட்பதில் மட்டும் குறை வைப்பதில்லை.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு, பஞ்சு உடுப்பையும் இரண்டு தொப்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கார்த்திகா ஒருமுறை நெளிந்தாள். எப்போதும் இறுக்கிப் பொத்தியிருக்கும் கைகள் இரண்டும் மெல்ல விரிந்தன. குகன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐந்து கிழமைக்குப் பிறகு அன்றிரவுதான் எங்கள் வீட்டில் அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நித்திரை கொண்டேன்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் ஏதோவொன்று நின்றுபோயிருக்கலாம். அழுங்கள், சண்டை பிடியுங்கள், அவன் கோபிக்க மாட்டான். உதவிக்கு யாரையாவது கட்டாயம் அனுப்புவான். வந்தவரிடம் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என் பிள்ளை அன்றைக்கு வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.