ஷிரோமி ஒதுக்கிவைத்த புகைப் போத்தல்

ஷிரோமி ஒரு நாளும் விஸ்கி குடித்ததில்லை. ஆனாலும் கண்டியில் அவர் வேலை செய்யும் ஹோட்டலின் விருந்தாளிகள் எந்தப் போத்தலைத் திறக்கலாம் என்று அவரிடம்தான் கேட்கிறார்கள்.

அதற்கு முன் பதினொரு வருடம் அவர் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அறையில் நின்றவர். அடுப்புக் குழாயில் விரிசல் விழுந்தால் தூளில் புகை ஏறும். அன்றைய தூள் முழுவதும் கழிவு. அதை முதலில் கண்டுபிடிப்பது ஷிரோமியின் மூக்கு. பாராட்டு மட்டும் மேற்பார்வையாளருக்கு. கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல் போதும், தரம் சொல்ல ஆணின் நாக்குத்தான் வேண்டும் என்று எந்த விஞ்ஞானம் சொன்னது?

தொழிற்சாலை மூடப்பட்டதும் கட்டுகஸ்தோட்டைக்குக் குடிவந்து, ஹோட்டல் பாரின் பின்னறையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தார். இரண்டாம் வாரமே ஒரு தவறு செய்தார். விலையுயர்ந்த போத்தல் ஒன்றின் மூடி தளர்ந்திருந்தது. இறுக்கப் போனவருக்குப் புகை மணத்தது. பழைய பழக்கத்தில் “புகை. பழுது.” என்று சீட்டெழுதி ஒட்டி, அலுமாரியின் அடித்தட்டில் ஒதுக்கிவைத்துவிட்டார்.

பல்லேகலயில் கிரிக்கெட் ஆட்டம் நடந்த நாளில் ஒரு விருந்தாளி அதே போத்தலைக் கேட்டார். பாருக்குப் பொறுப்பான யாகப்பர் தேடிக் களைத்து, கண்டெடுத்ததும் சீட்டை எல்லாருக்கும் கேட்கப் படித்தார்.

“தங்கச்சி, இது ஸ்கொட்லாந்துத் தீவுச் சரக்கு. இந்தப் புகைக்குத்தான் வெல. கழிச்சுப் போட இது என்ன ஒங்க பெக்டரியா?”

சிரிப்பு அடங்கும்வரை ஷிரோமி காத்திருந்தார். “சரிங்கண்ணே. அந்தப் புகை எங்கருந்து வருது?”

“போத்தல்லருந்து.”

இருபது வருடம் விஸ்கி ஊற்றியவரின் விடை அது. ஷிரோமிக்குப் போதவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் தேடிப் படித்தார். பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, உலர்த்துகிறார்கள். சில இடங்களில் அந்த அடுப்பில் பீட் என்னும் மக்கிய சதுப்பு மண்ணை எரிக்கிறார்கள். தன் தொழிற்சாலையில் பழுதாக இருந்ததை அங்கே வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். பிறகு அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் அடைத்துவைக்கிறார்கள். ஒரே வடிசாலையில் முளைத்த பார்லியில் மட்டும் செய்தால் சிங்கிள் மோல்ட். அதோடு மற்றத் தானியங்களின் விஸ்கியைக் கலந்தால் பிளெண்டட். அயர்லாந்தில் பெரும்பாலும் மூன்று முறை வடிப்பதால் மென்மை கூடும். அமெரிக்கப் பேர்பனில் பாதிக்கு மேல் சோளம்; உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய் அதற்கு வனிலா வாசம் கொடுக்கும். படித்ததையெல்லாம் கழுவ வந்த கிளாஸ்களில் முகர்ந்து சரிபார்த்தார்.

பீப்பாயில் வருடாவருடம் குறைவது சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், பங்கு என்று யாகப்பர் ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். ஞாயிறு பூசை தவறாத ஷிரோமி, “சம்மனசு ஏண்ணே குடிக்குது? அது ஆவியாப் போகுது” என்றார். பல பிரசங்கங்களைவிடத் தெளிவான வாக்கியம்.

பாரில் ஓர் இடம் காலியானபோது ஷிரோமி அதைக் கேட்டார். முகாமையாளர் இராமநாதன் இழுத்தார். “பொம்பளைய பாருல நிப்பாட்ட மதுவரித் திணைக்களத்துல எழுத்துல அனுமதி எடுக்கணும். வீண் அலைச்சல்.”

“பின்னால நின்னு கழுவலாம், முன்னால நின்னு ஊத்தக் கூடாதா சேர்?”

இராமநாதன் யாகப்பரைக் கூப்பிட்டார். பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றார். பெயர் தெரியாதபடி நான்கு கிளாஸ்களை யாகப்பர் வரிசையாக வைத்தார். “நாலும் வேற வேற போத்தல். சரியாச் சொன்னா எடம் ஒனக்கு.”

ஷிரோமி ஒவ்வொன்றிலும் மணம் எழச் சில துளி தண்ணீர் விட்டு முகர்ந்தார். “இது சோளம், பேர்பன். இது ஐரிஷ். இது நம்ம புகை.” நான்காவதை முகர்ந்தவர் இரண்டாவதுக்குத் திரும்பினார். மறுபடி நான்காவது.

“இதுவும் ஐரிஷ்தான். ரெண்டும் ஒரே போத்தல் அண்ணே. டீ ருசி பாக்க வர்ற தொரைக்கு நாங்களும் இப்படித்தான் ஒரே தூள ரெண்டு கோப்பையில வைப்போம்.”

“மூக்கா இது, சீஐடியா?” என்று யாகப்பர் தலையைச் சொறிந்தார்.

இராமநாதன் அன்றே அனுமதிக்கு எழுதினார். கடிதமும் வந்தது. ஷிரோமி இப்போது பாரின் முன்பக்கம் நிற்கிறார். புகைப் போத்தல் அவருக்குப் பின்னால், மேல்தட்டின் நடுவில் இருக்கிறது. சீட்டை அவர் கிழிக்கவில்லை. “பழுது” என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார்.