வலது பக்க டேங்க்

துருவும் காஞ்சுபோன கிரீஸும் வெயில்ல சூடேறுனா ஒரு வாசம் வரும் பாருங்க... நாக்குல காசு வச்ச மாதிரி. தொண்ணூறுகள்ல, மேட்டுப்பாளையத்துல ஒரு ரயில்வே யார்டுல, அந்த வாசத்துக்குள்ள நின்னுட்டிருந்தேன். கையில கிளிப் போர்டு. கால்ல ரப்பர் செருப்பு.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுப்போட்டு பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு கம்பெனில சேர்ந்து ஏழெட்டு மாசம் ஆச்சு. மில் மிஷினு, பாய்லருன்னு பெரிய சாமானா கிரேன்ல தூக்கி டிரெய்லர்ல ஏத்தி அனுப்பற வேலை. சைட்டுக்குப் போற ஒரே பொண்ணு நான்தான். சூப்பர்வைசர் நாச்சிமுத்து சாரைக் கெஞ்சித்தான் அந்த இடமே கிடைச்சுது.

அன்னிக்குத் தூக்க வேண்டியது ஒரு பழைய நீராவி எஞ்சின். ஊட்டி மலை ஏறி எறங்கி ஓய்ஞ்சது. மியூசியத்துல வெக்கறதுக்கு எடுத்துட்டுப் போறாங்க. எடை அம்பது டன்னுக்குப் பக்கம்.

அதுக்கு பாய்லரோட ரெண்டு பக்கமும் தண்ணி டேங்க் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தண்ணி நின்னா, தூக்கறப்ப எஞ்சின் அந்தப் பக்கமா சாயும். ரெண்டும் காலியான்னு பாத்து செக் ஷீட்ல எழுதறது என் பொறுப்பு.

மொத நாளே போய்ப் பாத்தேன். இடது பக்க டேங்க்கை ஸ்பேனரால தட்டுனேன்... காலி. வலது பக்கம் காம்பவுண்டு செவுரு. நடுவுல முள்ளுச்செடி, அதுல குளவிக்கூடு வேற. அது காலின்னா இதுவும் காலியாத்தான இருக்கும்னு ரெண்டுக்கும் டிக் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் முள்ளை வெட்டிக் கொளுத்திட்டாங்க. டிக் இருந்ததால யாரும் மறுபடி தட்டிப் பாக்கல. நானாவது பாத்திருக்கலாம்... அதுக்குள்ள ரயில்வே ஆபீசருங்க வந்துட்டாங்க. தேங்காய் உடைச்சாச்சு. ரெண்டு கிரேனும் உறும ஆரம்பிச்சிருச்சு.

எங்க ஆளு பழனிச்சாமி அண்ணன் வலது பக்கம், எஞ்சினுக்கும் செவுத்துக்கும் நடுவுல நின்னாரு. தூக்கறப்ப எஞ்சின் ஆடாம கயித்தைப் புடிச்சு நிறுத்தறது அவரு வேலை. முப்பது வயசு இருக்கும். பொண்ணு பொறந்து ரெண்டு மாசம்தான். நான் அவருக்குப் பத்தடி தள்ளி.

சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஒரு சாண் எந்திரிச்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க.

அப்பத்தான் கேட்டுது. எஞ்சினோட வயித்துக்குள்ள... களக்னு தண்ணி பொரள்ற சத்தம்.

கிரேன் சத்தத்துல வேற யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வலது பக்க டேங்க்ல மழைத்தண்ணி நின்னிருக்கு.

"நிறுத்துங்க"ன்னு கத்தணும். கத்துனா எதுக்குன்னு கேப்பாங்க. நாச்சிமுத்து சார் நிக்கறாரு, ஆபீசருங்க நிக்கறாங்க... நான் பாக்காமயே டிக் போட்டது வெளிய வந்துரும். அதோட சைட்டு வேலை போச்சு. ஒருவேளை ஒண்ணும் ஆகாதோ... மெதுவா எறக்கிருவாங்களோ...

ரெண்டு மூச்சு நேரம். நான் வாயையே தெறக்கல.

எஞ்சின் வலது பக்கமா மெல்ல சாஞ்சுது. பழனிச்சாமி அண்ணன் கயித்தை இன்னும் இறுக்கிப் புடிச்சாரு.

"அண்ணா, வெளிய வாங்க! கயித்த உடுங்க!"

கத்திட்டே ஓடிப்போய் சட்டையைப் புடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் ஜல்லி மேல உழுந்தோம். பின்னாடி எஞ்சினைக் கட்டித் தூக்குன ஸ்லிங் கம்பி வழுக்கற சத்தம்... அப்புறம் தரையே அதிர்ந்துச்சு. எஞ்சின் மோதி செவுரு சரிஞ்சு, அவரு நின்ன இடம் பூரா செங்கல்லாக் கெடந்துது. ஒடஞ்ச குழாய்ல இருந்து துருத்தண்ணி கொட்டுது, கொட்டுது... நிக்கவே இல்ல.

நாச்சிமுத்து சார் வந்தாரு. "டேங்க் காலின்னு எழுதுனது யாரு?"

"நான்தானுங்க சார். அந்தப் பக்கம் நான் பாக்கவே இல்லீங்க."

அவரு திட்டல. கிளிப் போர்டை மட்டும் கையில இருந்து வாங்கிட்டாரு. நாலு நாள் கழிச்சு வேற டீம் வந்து அந்த எஞ்சினை ஏத்துச்சு. ஒரு வருஷம் எனக்கு ஆபீஸ்லதான் வேலை.

அதெல்லாம் பரவால்லீங்க. அடுத்த வாரம் பழனிச்சாமி அண்ணனோட சம்சாரம் கைக்கொழந்தையத் தூக்கிட்டு ஆபீசுக்கு வந்தாங்க. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "அம்மணி, நீங்க அன்னிக்குக் கத்தலீன்னா நாங்க நடுத்தெருவுலதானுங்க"ன்னு அழுதாங்க. டேங்க் பாக்காத தப்பு ஊருக்கே தெரியும். அந்த ரெண்டு மூச்சு எனக்கு மட்டும்தான் தெரியும்... சொல்ல முடியல.

மூணு நாளைக்கு முன்னாடி மியூசியத்துக்குப் போயிருந்தேன். எஞ்சின் பளபளன்னு கறுப்புப் பெயிண்டுல நிக்குது. புள்ளைங்க படில ஏறி செல்ஃபி எடுக்குதுக. நான் இப்ப சரவணம்பட்டில டிசைன் ஆபீஸ்ல இருக்கேன். இன்னிக்கு கிரேன் கேபின் ஸ்கிரீன்லயே எடை தெரியுது, லிமிட் தாண்டுனா அலாரம் அடிக்குது, தூக்கற சாமான் பக்கத்துல ஆளே நிக்கக்கூடாது. அன்னிக்கு எங்ககிட்ட இருந்தது கண்ணும் காதும்தான். அதுல என் காது சரியாத்தான் கேட்டுது.

அங்கிருந்தே பழனிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்.

முழுசாக் கேட்டாரு. அப்புறம், "பேரனோட ஸ்கூல் வேன் வந்துருச்சுங்க அம்மணி, எறக்கோணும்"னு வச்சுட்டாரு.

சாயங்காலம் அவரே கூப்பிட்டாரு.

"மத்தியானம் பூரா கோவமாத்தானுங்க இருந்துச்சு. உள்ளதைச் சொல்லிப்போடறேன். இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. அந்த எஞ்சினை நான் அதுக்கப்புறம் பாக்கவே இல்லீங்க. ஞாயித்துக்கெழமை பேரனைக் கூட்டிட்டு வாரேன். நீங்களும் வாங்க."

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. போறேன்... அவரு மூஞ்சியை எப்படிப் பாப்பேன்னுதான் தெரியல.