கடல் தெரிந்தவள்

என் கணவரின் வலக்கை ஆள்காட்டி விரல் போனதற்குக் காரணம் மீன் அன்று, கடல் அன்று, விதியும் அன்று... நான்!

ஊரார் வேறு கதை சொல்வார்கள். நான் அவர் உயிரைக் காத்தவள் என்பார்கள். நம்பாதீர்கள். நீங்கள் ஒருவராவது உண்மையை அறிந்திருங்கள்.

ஆனைமலையில் பிறந்தவள் நான். மலையாளக் கரைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிற்பார்கள். கடலைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. ஆனால் கண்ணை மூடினால் அது வந்துவிடும்! நுரை என் கணுக்காலை நனைக்கும். உதட்டில் உப்புக் கரிக்கும். விழித்தால் எதிரே சோளக்காடு...

கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்தேன். மின்சாரம் வந்து, ஊரெங்கும் கிணறுகளில் மோட்டார் வைக்கத் தொடங்கியிருந்த காலம். அவருக்கு ஒரு மோட்டார் பட்டறையில் தாமிரக் கம்பி சுற்றும் வேலை. எத்தனை சுற்று ஆயிற்றென்று அவர் வாய் எண்ணாது, விரல்தான் எண்ணும். அந்த விரலை எடுத்துவிட்டால் அவரிடம் தொழிலே இல்லை.

"நீ கடலு பாத்திருக்கறயா, கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பாத்திருக்கறனுங்க. சின்ன வயசுல எங்கப்பனோட போயிருந்தனுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் மலர்வதைப் பார்க்கவா? அல்லது எனக்கே அது பொய்யாகத் தோன்றவில்லையா?

அன்றிலிருந்து மாலைதோறும், பட்டறைக் கரியைக் கழுவியதும், "கடலைச் சொல்லு, அம்மணி" என்பார். நானும் சொல்லுவேன். சொல்லச் சொல்லப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தன. ஒரு நாள் அந்தக் கடலில் நான் மீன் பிடித்ததாகவும் சொல்லிவிட்டேன்!

மறு வருஷம் பட்டறையில் அவருக்குப் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. கோழிக்கோட்டுக்குப் போவோம் என்றார். அவரும் ஒரு மீன் பிடிக்க வேண்டுமாம்.

ஒப்பணக்காரத் தெருவில், தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சாமான் வாங்கும் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமான தூண்டில் முட்கள் மின்னின. ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன். நான் கடையிலா இருந்தேன்? இடுப்பளவு நீரில் அல்லவா நின்றேன்! மீன்கள் என் புடவையை உரசிக்கொண்டு போயின...

கடைக்காரர் கடலோரத்தில் பிறந்தவராம். கயிறு சுற்றும் சக்கரம் வைத்த பிரம்புத் தூண்டிலை எடுத்து வைத்தார்.

"கடலுக்கு இதுதானுங்க. மீன் இழுத்தா சக்கரம் கயிறு உட்டுக் குடுக்கும். கைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அந்தச் சக்கரத்தை எப்படிப் பிடிப்பது? எந்தப் பக்கம் சுற்றுவது? கடற்கரையில் 'செஞ்சு காட்டு' என்று இவர் கேட்டால்? என் சாயம் வெளுத்துவிடுமே! எங்கள் ஆழியாற்றில் நாங்கள் கோல்கூட வைத்துக்கொள்வதில்லை. வெறுங்கயிற்றை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நிழலில் கண்ணயர்வோம். கெண்டை கடித்தால் விரல் எழுப்பிவிடும். எனக்குத் தெரிந்த மீன்பிடி அவ்வளவுதான்.

"சக்கரமெல்லாம் தொரைங்களுக்குங்க. நல்ல முறுக்குக் கயிறாக் குடுங்க, விரல்ல சுத்திக்கிட்டாப் போதும்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மணிக்குக் கடல் பழக்கங்களா?"

நான் வாய் திறக்கும் முன்பே இவர் பெருமையோடு தலையாட்டினார். ஆனாலும் கயிற்றைக் கையில் வாங்கியதும் விரலால் நெருடிப் பார்த்தார். கம்பி அறிந்த கை அல்லவா?

"விரல்ல சுத்துனா அறுத்துப்போடாதா, அம்மணி?"

ஐயோ, கேட்டாரே! அவர் கேட்டாரே! நான் சிரித்தேன். "மீனுங்க அது, மோட்டாரா?" என்று கேலி பேசினேன். கடைக்காரரும் சிரித்துவிட்டார். இவர் கயிற்றுக்குக் காசை எண்ணி வைத்தார்.

கோழிக்கோட்டில் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். என் கனவைவிட அது பெரிதாயிருந்தது; இரைச்சல் அடங்கவே இல்லை. பயந்துபோனேன். பயந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல். கடலுக்குள் நீண்டு நின்ற இரும்புப் பாலத்தின் முனையில் உட்கார்ந்திருந்தோம். கயிறு அவர் விரலில். கரையில் தென்னைகள் ஆடின, காற்று தாலாட்டியது, இருவரும் அரைத் தூக்கத்தில் மிதந்தோம்... சுகமான மயக்கம்!

அவர் அலறினார். எது கடித்ததோ தெரியாது. கயிறு எலும்புவரை இறங்கியிருந்தது. அவர் விளிம்புக்குச் சரிந்துகொண்டிருந்தார். இரை நறுக்கும் கத்தி என் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

அதே பட்டறையில் இப்போது ஆணியும் திருகும் எடுத்துக் கொடுக்கிறார். கம்பி சுற்ற வேறு ஆள் வந்துவிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்கூட்டு அம்மணிக்குக் கடலு தெரியுமுங்க. இல்லாட்டி அன்னைக்கே நான் போயிருப்பனுங்க" என்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் இல்லாத இடுக்கில் சோறு நழுவி இலையில் விழுந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க... கோழிக்கோடு போறதுக்கு முந்தி நான் கடலையே பாத்ததில்லீங்க. சொன்னதெல்லாம் பொய்யிங்க."

அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"வெளையாடாதே, அம்மணி. கடலு தெரிஞ்சவ பக்கத்துல இருந்ததுனால உசுராச்சும் மிஞ்சுச்சுன்னு மனசத் தேத்திட்டிருக்கறேன். அதையும் புடுங்கிப்போடாதே."

அவர் நம்பவில்லையா? அல்லது எல்லாம் தெரிந்துகொண்டு என்னிடம் கெஞ்சினாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி! வெட்கங்கெட்ட நிம்மதி!

முதல் பொய்யைக் கனவின் மயக்கத்தில் சொன்னேன் என்றாவது சமாதானம் சொல்லலாம். அன்று மயக்கம் ஏதும் இல்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனுங்க" என்று ரசம் ஊற்றினேன்.