மீன் விளக்குக்கு ஒரு மோட்டார்

காளி பூஜைக்கு எங்கள் பால்கனிச் சுவரில் மீன்கள் நீந்த வேண்டும் என்பது என் ஆசை. அட்டையைச் சுருட்டி உருளையாக்கி, அதில் மீன் மீனாக வெட்டி, நடுவில் ஒரு பல்பை வைத்தாயிற்று. உருளை மெதுவாகச் சுற்றினால் போதும், ஒளி மீன்கள் சுவரில் வரிசையாகப் போகும். சுற்றவைக்க ஒரு மோட்டார்தான் பாக்கி. அந்தப் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, பெங்காலி பேசும் ஊரான டாக்குரியாவில் எங்களோடு தங்கியிருந்தார். அவருக்குப் பெங்காலி ஒரு சொல்கூட வராது. எனக்கோ தமிழைவிட பெங்காலிதான் சரளம். அதனால் ஸ்டேஷன் பக்கத்து எலெக்ட்ரிக் கடைக்கு அவர் போகும்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளராக நானும் போனேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

கடையில் கடைக்காரரின் மகள் உட்கார்ந்திருப்பார். நான் அவரை தீதி, அதாவது அக்கா, என்பேன். மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று நான் தெளிவாகச் சொல்லியும், தீதி முதலில் கொடுத்தது பொம்மைக் காரில் இருக்கும் மோட்டார். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம்; உருளை பிய்த்துக்கொண்டு போய் ரசத்தில் விழுந்தது. அடுத்தது பல்சக்கரம் வைத்த மோட்டார். வேகம் சரிதான், ஆனால் மிக்ஸி மாதிரி இரைந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். மாமாவோ சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு, உற்சாகமாகக் கடைக்குக் கிளம்பிவிடுவார். வாங்கத் தெரியாதவர் ஒருவர், கொடுக்கத் தெரியாதவர் ஒருவர், நடுவில் நான் மாட்டிக்கொண்டேனே என்று நொந்துகொண்டேன்.

மூன்றாவதாக வந்தது மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றவைக்கும் மோட்டார். சத்தமே இல்லை, அருமையான வேகம். ஆனால் மீன்கள் வாலை முன்னே நீட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போயின.

"சரிப்படாது, மாத்திட்டு வந்துரலாம்" என்று மாமா சீப்பைத் தேடினார். நான் எரிச்சலில் சுவிட்சை அணைத்து, மறுபடி போட்டேன். மீன்கள் நேராக நீந்தின! அந்த மோட்டார் ஒவ்வொரு முறையும் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பக்கம் சுற்றும்; நமக்கு வேண்டிய பக்கம் வரும்வரை அணைத்து அணைத்துப் போட்டால் போதும். நான் குதித்தேன். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. "எதுக்கும் இன்னொண்ணு பாத்துருவோமே" என்றார்.

விடிந்தால் பூஜை. இவர்களை நம்பினால் காரியம் கெட்டுவிடும் என்று, கடைக்குப் போனதும் நானே முந்திக்கொண்டு, "மோட்டார் ஆர் லாக்பே நா" என்றேன். இனி வேண்டவே வேண்டாமென்று அவ்வளவு கறாராக. தீதி என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து மெல்ல ஏதோ கேட்டார்.

"இனிமே வரமாட்டீங்களான்னு கேக்குறாங்க மாமா."

"பல்பு வாங்க வருவேன்னு சொல்லு."

வீட்டில் பல்பு ஒரு பெட்டி நிறைய இருந்தது. வீண்செலவைத் தடுக்க நினைத்து, எங்களுக்குப் பல்பும் தேவையில்லை என்று நானாகவே சொல்லிவிட்டேன். தீதி வாய்விட்டுச் சிரித்தார். ஒன்றும் புரியாமல் மாமாவும் சிரித்தார்.

பூஜை அன்று சுவரெல்லாம் மீன்கள் நீந்தின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா மட்டும் மீனைப் பார்க்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க சாப்பிட்டீங்களா" என்று பெங்காலியில் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரச் சொன்னார். ஒரு பல்பு வாங்குவதற்கு அதெல்லாம் எதற்கு என்று நான் அவரைக் கேட்டேன்.