கத்திரி வெயிலில் ஒரு மப்ளர்

கல்யாணமாகி நான் திருமங்கலத்துக்கு வந்த மறு வருடம், என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டியை இறக்கினார். அவர் வடக்கே லோடு ஓட்டுகிறவர். மற்ற டிரைவர்கள் போன இடத்திலிருந்து ஆப்பிளும் ஸ்வெட்டரும் கொண்டுவருவார்கள். என் வீட்டு மகராசன் காஷ்மீரிலிருந்து கிடாக்குட்டி கொண்டுவந்தார். மந்தையோடு நடக்க முடியாமல் ரோட்டோரம் நொண்டிக்கொண்டு நின்றதாம். ஆட்டுக்காரர் விட்டுவிட்டுப் போகப் பார்த்தாராம். இவர் தூக்கிக் கேபினில் போட்டுக்கொண்டாராம்.

"வயித்துக்கிட்ட தொட்டுப் பாரு புள்ள" என்றார். வெளியே சொரசொரப்பான முடி. விரலை உள்ளே விட்டால், தொட்டோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெத்தென்று ஒன்று. அந்த உள்முடியில்தான் சால்வை நெய்கிறார்கள் என்றார்.

மாமியாருக்கு நம்பிக்கையில்லை. "பாலும் பீச்ச முடியாது, கறிக்குப் போடவும் இவன் விடமாட்டான். எதுக்கு இது?" என்றார். ஆனால் சோளத்தட்டையில் இளசாகப் பொறுக்கி அதற்குத் தனியே எடுத்து வைத்ததும் அவர்தான். கேட்டால் "கெடக்குது கழுத" என்பார்.

குட்டி வளர்ந்தது. மாசி மாதம் ஒருநாள் அதன் விலாவில் முடி கொத்துக் கொத்தாகப் பிதுங்கி நின்றது. சொறி பிடித்துவிட்டது என்று மாமியார் வேப்பெண்ணெயைக் காய்ச்சிவிட்டார். ஒரு கால் முழுக்கப் பூசியும் ஆயிற்று. குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பிடுங்கினார். அதுதான் உள்முடியாம். குளிர் முடிந்தால் தானாகக் கழன்று வருமாம்.

சீவி எடுக்கப் பேன்சீப்பைவிட நல்ல கருவி ஏது? காலை வேலை முடிந்ததும் ஆட்டை மடியில் சாய்த்துக்கொண்டு சீவுவேன். அது கண்ணை மூடிக்கொள்ளும். சீவியதை முறத்தில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல முரட்டு முடியை நானும் மாமியாரும் பொறுக்கினோம். பள்ளிக்கூடத்தில் தக்ளியில் பஞ்சு நூற்றது அப்போது கைகொடுத்தது. முதலில் இழை அறுந்து அறுந்து என் பொறுமையைச் சோதித்தது. பிறகு வசப்பட்டுவிட்டது. ரேடியோவுக்கு உறை பின்னிய குரோஷா ஊசியாலேயே என் வீட்டுக்காரருக்கு ஒரு மப்ளர் பின்னினேன். மார்கழியில் வடக்கே போனால் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு ஓட்டி, இருமலோடு வந்து சேருவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது. அதனால் ஓர் இழுப்பு முடியைக்கூட மிச்சம் வைக்காமல் சீவினேன்.

பங்குனி வெயில் ஏறியதும் ஆடு சுருண்டுவிட்டது. தீனி எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் முன்காலை விட்டுக்கொண்டு வாயைப் பிளந்து இரைத்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "குளிர் தேசத்து உருப்படிம்மா. கத்திரியத் தாண்டுறது கஷ்டம்" என்றார்.

 மறுநாள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அடுத்த லோடுக்குக் கூட்டிட்டுப் போயி அது ஊர்லயே விட்டுட்டு வாரேன்." எங்கேயோ உயிரோடு இருந்தால் சரி என்று எனக்கும் பட்டது. பட்டதே தவிர மனசு ஆறவில்லை. கிளம்பும்போது மாமியார் அதற்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், லாரி போகும்வரை வெளியே வரவில்லை. நான் மப்ளரை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "மலையேறினதும் மறக்காம கட்டிக்கிருங்க" என்றேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிப் போன வாரம், கொளுத்துகிற மத்தியானத்தில் லாரிச் சத்தம் கேட்டது. ஓடினேன். கேபின் கதவு திறந்ததும் முதலில் குதித்தது ஆடு. அதன் கழுத்தில், நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டபடி, என் மப்ளர்.

"என்னங்க இது?"

"மேல இன்னும் பனி கெடக்கு. மந்தையில விட்டேன். மத்ததெல்லாம் சும்மா நிக்கிது, இது மட்டும் வெடவெடன்னு நடுங்குது. நீதான் உள்முடி அம்புட்டையும் சீவிப்புட்டியே."

எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. குளிருக்குப் போகிற ஆட்டின் போர்வையை உருவி, கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன, இஞ்சின் சூடு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு இருமினார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வெயில்ல நிப்பாட்டிப் பேச்சப் பாரு. மொதல்ல அதக் கழட்டுங்க" என்று மாமியார் அதட்டினார். அதற்குள் அவர் கையில் நனைத்த சாக்கு இருந்தது.

அந்தக் கத்திரி முழுக்க ஆட்டின் முதுகில் கிடந்த அந்தச் சாக்கு காயவே இல்லை. மாமியார் காயவிடவில்லை. தையல்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி மேல்முடியை நான் ஒட்ட வெட்டினேன். வேப்பமரத்து நிழல் நகர நகர ஆட்டையும் நகர்த்திக் கட்டினோம். முதல் கோடை மழை விழுந்த அன்று அது எழுந்துபோய் மாமியாரின் வெற்றிலைப் பையைத் தின்றது. அவர் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாசியில் நான் பேன்சீப்போடு உட்கார்ந்தபோது, லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பாதிய அதுக்கு விட்டுவையி புள்ள. எங்கயாச்சும் போனா வேணும்ல."

திருமங்கலத்து வெயிலில் வைத்துச் சொன்னார். நானும் பாதியை விட்டுவைத்தேன். அதற்கப்புறம் அது எங்கேயும் போகவில்லை.