பழைய குழாய்க்குப் புதுத் தொண்டை

மைக்செட் தொழிலில் சத்தம் வராவிட்டால் வாடகைக்கு எடுத்தவர் ஒருவர்தான் திட்டுவார். சத்தம் வந்துவிட்டால் தெருவே திட்டும்.

இந்த இரண்டு திட்டுக்கும் நடுவே காதை வைத்துக்கொண்டு பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது தென்காசியில். எங்கள் கடைக்கு வரும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் யுத்தத்துக்கு முந்தின சரக்கு. துரைமார் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன குழாய்கள். வாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். பின்னால் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை, அதுதான் யூனிட். அதற்குள் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தகடு. குழாயின் உயிர் அதில்தான் இருக்கிறது. தகட்டை மாற்றுவது, கம்பிச் சுருள் சுற்றுவது, துருச் சுரண்டுவது எல்லாம் முதலாளி அண்ணாச்சி வேலை. பேசிப் பார்ப்பது என் வேலை. எனக்குப் பதினேழு வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. வாய் அதைவிட மோசம்.

அடுத்த ஆளு வரலாம்

பழுது பார்த்த குழாயை 'ஹலோ ஹலோ' என்று ஒரே குரலில் சோதித்தால் போதாது. கட்டைக் குரலில் பேசினால்தான் உள்ளே சுருள் உரசுவது தெரியும். கீச்சுக் குரலில் பேசினால்தான் தூசி விசிலடிக்கும். ஆகவே நான் மைக்கைப் பிடித்தால் பால்காரர், கணக்கு வாத்தியார், ரயில்வே கேட்காரர் எல்லோரும் வரிசையாகக் கடைக்குள் வந்துபோவார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "வாத்தியாரு நல்லா இருக்காரு. பால்காரருதான் இரையுதாரு, திருகை இறுக்கு" என்பார்.

எதிர்வரிசையில் ஒரு டாக்டர் இருக்கிறார். அவருடைய கம்பவுண்டர் மூக்காலேயே "அடுத்த ஆளு வரலாம்" என்று கூப்பிடுவார். காலையிலிருந்து அது என் காதைக் குடைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி டீ குடிக்கப் போன நேரத்தில் குழாயைத் தெருப்பக்கம் திருப்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன். கைக்கட்டுப் போட்ட ஒருவர் எழுந்து உள்ளே போனார். மறுபடி சொன்னேன், குழந்தையோடு ஓர் அம்மாள் போனார். நிறுத்த முடிந்தால்தானே! டாக்டர் ஒரே நேரத்தில் நாலு நாக்கைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. கம்பவுண்டர் வெள்ளைக் கோட்டோடு தெருவைத் தாண்டி வந்தார்.

"என் குரல்ல நீ கூப்பிட்ட நாலு பேருக்கும் நீயே வந்து ஊசி போடுலே."

செக்கு மாடு

அவர் அதோடு விடவில்லை. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் என் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். அப்பா மெஷினை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: இனி என் குரலைப் பற்றி ஒரே ஒரு புகார் வந்தாலும், சிவகிரியில் பெரியப்பாவின் எண்ணெய்ச் செக்குக்கு என்னை பஸ் ஏற்றிவிடுவது.

செக்கு! மாட்டின் பின்னால் அதே வட்டம், பிறகும் அதே வட்டம். நினைத்தபோதே உள்ளங்கால் அரித்தது. "அங்கன நான் யாருகூடப்பா பேசுவேன்?" என்றேன். அப்பா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"மாடு இருக்குல்லா. அது மாதிரிக் கத்து. அது போயி யாருகிட்டயும் பிராது சொல்லாது."

அடுப்போரம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் எங்கள் குழாய்கள் படும் பாடு சொல்லி முடியாது. அருவிப் பாதையில் கடைக்காரர்கள் விளம்பரத்துக்குக் கட்டியிருப்பார்கள். ஈரக்காற்றில் தகடு நமத்த அப்பளமாகிவிடும். யார் பேசினாலும் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கும். யூனிட்டைக் கழற்றி அடுப்பு வெக்கையில் வாட்டினால்தான் சரியாகும். நேந்திரங்காய் வறுவல் போடும் செங்கோட்டைக்காரர் ஒருவர் எங்களுக்கு அடுப்போரம் இடம் கொடுப்பார்.

ஒரு யூனிட்டை வாட்டி மாட்டியாயிற்று. "ஊராரு யாரும் வேண்டாம். உன் சொந்தக் குரல்ல பேசிப் பாரு" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் சிவகிரி பயம் இருந்தது. மைக்கைப் பிடித்தேன். குளித்துவிட்டு வருகிறவர்கள் பல் கிட்டிக்கப் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு குரலும் 'என்னை எடுத்துக்கோ' என்கிறது. இதில் என் குரல் எது? தேடத் தேட அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. கடைசியில் இருமிவிட்டு மைக்கை வைத்துவிட்டேன். அதற்குள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் நடுங்கியபடி வந்து, தட்டில் காய்ந்துகொண்டிருந்த இன்னொரு யூனிட்டைக் காட்டி, "அந்த உருண்டையில ரெண்டு குடும்" என்றார். வறுவல்காரர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இன்னும் வேகல சாரே. இப்பக் கடிச்சா பல்லு போகும்."

கரகரப்பு

வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர் ஒருவர் உண்டு. ஏலக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். நேரில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு 'ம்', 'ம்ஹும்' என்பதோடு சரி. மைக்கைப் பிடித்தாலோ புலி. "ஒருதரம்" என்று உறுமினால் வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். என்னிடம் உள்ள குரல்களில் அதுதான் முதல் தரம். மண்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, குழாயில் கேட்டுக் கேட்டுப் படித்தது.

அந்தக் குழாய் ஒருநாள் வாயடைத்துப்போய் எங்களிடம் வந்தது. அண்ணாச்சி திறந்து பார்த்தார். தகட்டில் பழைய கிழிசல், நடுவிலிருந்து ஓரம் வரைக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்; சுருள் சுற்றினார்; குழாயின் நெளிசலைத் தட்டி எடுத்தார். "அவரு குரலாலேயே பாத்திருவோம். வெளியே கேக்காம மெதுவாச் சொல்லு" என்றார். "ஒருதரம்" என்றேன். கரகர. அண்ணாச்சி முகம் சுருங்கியது. மறுபடி திறந்தார், துடைத்தார், பூட்டினார். "ஒருதரம்." கரகர. மத்தியானச் சோறு தூக்குவாளியிலேயே ஆறிப்போயிற்று. தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கீறல் இல்லை. எரிச்சலில் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கித் தானே "ஹலோ" என்றார். பளிச்சென்று வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, கிழிஞ்சிருக்கது யூனிட்டு இல்ல. உன் தொண்டை."

மண்டியில் யாரோ

அதாவது, இத்தனை நாளும் நான் அந்த மனிதரைப் படிக்கவே இல்லை, கிழிசலைப் படித்திருக்கிறேன். இது எங்கள் இருவருக்கும் சிரிப்பாக இருந்தது, மறுநாள் காலை வரைக்கும்.

மறுநாள் மண்டியில் ஏலக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு மைக்கைப் பிடித்து "ஒருதரம்" என்றார். பசியெடுத்த கன்றுக்குட்டி மாதிரி மெல்லிசாக ஒரு குரல் மண்டி முழுக்கக் கேட்டது. வியாபாரிகள் சிரித்தார்கள். விலை ஏறவில்லை, தார்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பேசியது யார் என்று ஏலக்காரரே திரும்பிப் பார்த்தாராம். குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். வரும் வழியில் என் அப்பாவையும் கூட்டிக்கொண்டே வந்தார்.

"நான் வாயைத் தொறந்தா எவளோ ஒருத்தி பேசுதா! உம்ம மவன்தான் எங்கனயோ ஒளிஞ்சு நின்னு செய்தான்" என்று கத்தினார். அதே கன்றுக்குட்டி. அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. "சாயங்காலம் பஸ் இருக்கு" என்றார் அப்பா.

ஒன்றுமே செய்யாத அன்றைக்கா எனக்குச் சிவகிரி! அண்ணாச்சிதான் தடுத்தார். "இங்கனயே மாட்டிப் பாத்திருவோம். நீரு இவன் வாயைப் பொத்திக்கிடும்." அப்பா விரலுறையைக்கூடக் கழற்றாமல் என் வாயைப் பொத்தினார். ஏலக்காரர் "ஒருதரம்" என்றார். கன்றுக்குட்டி. "ஏலே, மூக்கால பேசுதியா?" என்று அப்பா மூக்கையும் சேர்த்துப் பிடித்தார். எனக்கு மூச்சு முட்டியது. "ஒருதரம்." மறுபடியும் கன்றுக்குட்டி. ஏலக்காரர் குழாயைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், கடைசியில் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அப்பம் இது யாருவே?"

திருப்பிக் கெடுத்தல்

'நீர்தான்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "புதுத் தகடு, பழகணும் அண்ணாச்சி" என்று எங்கள் அண்ணாச்சி முனகினார். ஏலக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது. "நாளைக்கு எப்படிவே அந்த மண்டியில நிப்பேன்?" என்றார். பழைய தகடு குப்பையோடு போய்விட்டது. அப்பாவின் கை தளர்ந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "ஒருதரம்!" என்று பழைய உறுமல் துள்ளி வெளியே விழுந்தது. ஏலக்காரர் முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அதுதாம்லே! அதுதாம்லே நானு!"

பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல. அண்ணாச்சி பட்டத்துத் தாளைக் கிழித்துத் தகட்டில் ஒட்டினார். ஏலக்காரர் மைக்கில் ஒரு "ஒருதரம்", நான் வெறும் வாயால் ஒரு "ஒருதரம்". ஒத்துப்பார்த்து, "இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணும்" என்று உப்புக் கேட்பது போலக் கேட்டார் ஏலக்காரர். "நல்லா இருந்த யூனிட்டை என் கையாலேயே…" என்று அண்ணாச்சி அழாத குறை. தாளை ஒட்டி, பிய்த்து, இடம் மாற்றி ஒட்டி, கடைசியில் புலி வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்ட அப்பாவுக்கு எது நான், எது குழாய் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏலக்காரர் புது வெற்றிலையை மடித்தபடி அப்பாவிடம் சொன்னார்.

"இவனைச் சிவகிரிக்கு அனுப்பிராதீரும் வேய். ஈரம் பட்டு அந்தத் தாளு இளகுனா மறுபடி ஒத்துப் பாக்கணும்லா. என் சரக்கு இவன் தொண்டையிலதான் கெடக்கு."

கெட்டுப்போன குழாயைச் சரிசெய்ய எங்கள் தொழிலில் ஒரு ஆள் போதும். சரியாகிவிட்ட குழாயை வாடிக்கையாளர் மனசுப்படி கெடுப்பதற்குத்தான் கடை முழுக்க ஆள் வேண்டியிருக்கிறது.